செலவைக் கட்டுக்குள் வைத்து நண்பர்களோடு ஒரு கார்டு லீக் நடத்துவது எப்படி

மேஜிக், போக்கிமான் மாதிரி, அவரவர் சேர்த்த கார்டுகளால் ஒரு கட்டு அமைத்து இருவர் மோதும் விளையாட்டுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். எங்கள் முதல் லீக் மூன்றாவது வாரத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கினோம். எல்லோர் கையிலும் பெட்டியிலிருந்து பிரித்து அப்படியே ஆடக்கூடிய ரெடிமேட் டெக், அதாவது கார்டுக் கட்டு. முதல் இரண்டு வாரம் யார் ஜெயிப்பார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நண்பர், பெரிய போட்டிகளில் ஆடுகிற மாதிரியான டெக் ஒன்றை ஒவ்வொரு கார்டாகத் தேடி வாங்கி முழுசாகக் கொண்டு வந்தார். அவர்மேல் தப்பே இல்லை. அப்படிச் செய்யக் கூடாது என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அன்று அவரோடு ஆடியவர்கள் ஒருவர்கூட ஐந்தாவது டர்னை, அதாவது தன் ஐந்தாவது முறையை, பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஆறு பேர் வந்தோம், அதற்கடுத்த வாரம் நாலு பேர்.

அதிலிருந்து நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: இன்று தோற்றவர் அடுத்த வாரமும் வர ஒரு காரணம் இருக்க வேண்டும். ஜெயித்தவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அவரே வந்துவிடுவார். கீழே உள்ள படிகளையெல்லாம் இதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: ஒரே கேம், ஆறு பேர்

முதல் சீசனுக்கு ஒரே ஒரு கேமைத் தேர்ந்தெடுங்கள். பரவலாக ஆடப்படுபவை மூன்று. மேஜிக் தி கேதரிங்கில் குறைந்தது 60 கார்டு டெக், ஆளுக்கு 20 லைஃப், அது தீர்ந்தால் தோல்வி. போக்கிமானில் சரியாக 60 கார்டு, தொடக்கத்தில் ஒதுக்கி வைத்த தன் ஆறு பரிசுக் கார்டுகளை முதலில் எடுப்பவருக்கு வெற்றி. யூகியோவில் மெயின் டெக் 40 முதல் 60 கார்டு, ஆளுக்கு 8000 லைஃப் பாயின்ட். முன்பின் ஆடாதவர்கள் அதிகம் என்றால் போக்கிமானில் தொடங்குவது சுலபம். கொஞ்சம் பொறுமை உள்ள கூட்டம் என்றால் மேஜிக். யூகியோ கார்டுகளில் எழுத்து நுணுக்கம், வாசகமும் நீளம். அதனால் கற்றுக்கொடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஆட்களின் எண்ணிக்கைக்கு ஆறு நல்ல கணக்கு. மூன்று மேசை, ஐந்து சுற்று, எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை மோதிவிடலாம், மொத்தம் 15 மோதல். எட்டுப் பேர் என்றால் ஏழு சுற்று, 28 மோதல். அதற்கு மேல் போனால் முதல் சீசனில் சமாளிப்பது கஷ்டம்.

படி 2: செலவுக்கு ஒரு வேலி

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பலர் முதலில் சொல்வது, "டெக்கின் மொத்த விலை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது" என்பது. கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் தகராறு வரும். கார்டு விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். போன வாரம் வரம்புக்குள் இருந்த டெக் இந்த வாரம் வெளியே போய்விடும். அப்படியே விலை வரம்புதான் வேண்டும் என்றால், ஒரு தேதியைக் குறித்து, அன்றைய விலைதான் சீசன் முடியும் வரை கணக்கு என்று எழுதிவிடுங்கள்.

விலையைவிட அரிய தன்மையை வைத்து வேலி போடுவது எளிது. மேஜிக்கில் காமன் கார்டுகளை, அதாவது எளிதில் கிடைப்பவற்றை, மட்டும் வைத்து ஆடும் முறைக்குப் பாப்பர் என்று பெயர். ஏதாவது ஒரு பதிப்பில் அந்தக் கார்டு காமனாக வந்திருந்தால் போதும், தடைப் பட்டியலில் இல்லாதவரை சேர்த்துக்கொள்ளலாம். கார்டில் உள்ள செட் சின்னம் (எந்த வெளியீடு என்று காட்டுவது) கருப்பாக இருந்தால் காமன், வெள்ளி நிறம் அன்காமன், தங்க நிறம் ரேர். போக்கிமானில் வட்டம் காமன், வைரம் அன்காமன், நட்சத்திரம் ரேர். விலையைத் தேடிப் பார்க்கும் வேலையே இல்லை, பெரும்பாலும் கார்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் யூகியோவில் இது சரிப்படாது. ஒரே கார்டு ஒரு வெளியீட்டில் காமனாகவும் இன்னொன்றில் ரேராகவும் வரும். அங்கே எல்லோரும் ஒரே வரிசை ரெடிமேட் டெக் வாங்கி, அதோடு ஆடுவதுதான் நியாயம்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று, கிட்டத்தட்ட செலவே இல்லாதது. மேஜிக்கில் 2020இல் ஜம்ப்ஸ்டார்ட் என்று ஒன்று வந்தது. 20 கார்டு பாக்கெட் இரண்டை எடுத்துச் சேர்த்துக் கலைத்தால் 40 கார்டு டெக் ரெடி. அதே யோசனையை நாங்கள் பெட்டிகளில் சும்மா கிடந்த கார்டுகளை வைத்துச் செய்தோம். ஒரு மாலை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, நிறவாரியாகப் பிரித்து, 20 கார்டு கொண்ட பன்னிரண்டு அரை டெக்குகள் கட்டினோம். ஒவ்வொன்றிலும் எட்டு லேண்ட் (மற்ற கார்டுகளைப் போடச் சக்தி தருபவை), மிச்சம் பன்னிரண்டில் பெரும்பாலும் கிரீச்சர் (சண்டை போடுபவை). ஒன்றில் பறக்கிறவை மட்டும், ஒன்றில் கோப்ளின் என்ற குட்டிப் பூதக் கூட்டம், ஒன்றில் சின்னச் சின்னதாய் லைஃப் ஏற்றிக்கொண்டே போகிறவை. ரப்பர் பேண்ட் போட்டால் கார்டின் ஓரம் மடங்கும், அதனால் அகலமான காகிதப் பட்டையால் சுற்றி மேலே பெயர் எழுதினோம். 240 கார்டுதான். ஆனால் பன்னிரண்டிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 66 வழி இருக்கிறது. வந்ததும் ஆளுக்கு இரண்டு பட்டையை உருவி எடுத்துக் கலைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். டெக் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் யாரும் பணத்தைக் கொட்டி முந்த முடியாது.

கையில் இல்லாத கார்டுக்குப் பிராக்ஸி (பதிலிக் கார்டு) வைக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நண்பர்களுக்குள் ஆடும்போது, காகிதத் துண்டில் பெயரையும் விவரத்தையும் கையால் எழுதி ஸ்லீவுக்குள் (கார்டைப் போடும் பிளாஸ்டிக் உறை) செருகிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பின்னால் ஒரு உண்மையான கார்டு இருந்தால் தடிமன் மாறாது. ஆனால் படி 2இன் வேலி பிராக்ஸிக்கும் பொருந்தும். அதிகாரப்பூர்வப் போட்டிகளில் இவை செல்லாது என்பதையும் புதியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

படி 3: வாங்க வேண்டியவை

அதிகம் இல்லை. பின்பக்கம் ஒளி ஊடுருவாத ஸ்லீவ், ஒரு டெக்குக்கு ஒரே நிறத்தில். மேஜிக்கும் போக்கிமானும் 63க்கு 88 மில்லிமீட்டர் அளவு, யூகியோ கொஞ்சம் சின்னது, 59க்கு 86. மாற்றி வாங்கினால் கார்டு உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் நுழையாது. லைஃப் கணக்குக்குத் தாளும் பேனாவும் போதும். டைஸ் உருண்டு எண் மாறிவிடும், தாளில் எழுதியது மாறாது. டோக்கனுக்கு (ஆட்டத்தின் நடுவில் உருவாகும், கார்டு இல்லாத கிரீச்சர் போன்றவற்றைக் குறிக்க) பொத்தான், நாணயம் என்று கையில் எது இருந்தாலும் சரி.

படி 4: முதல் நாள் கணக்கில் வராது

முதல் சந்திப்பில் புள்ளியே கிடையாது என்று அறிவித்துவிடுங்கள். புதியவர் பக்கத்தில் ஒரு பழைய கை உட்காரட்டும். முதல் ஆட்டத்தில் இருவருமே கையில் உள்ள கார்டுகளை மேசையில் விரித்து வைத்து ஆடுங்கள். "இதை இப்போது போட்டால் என்ன ஆகும்?" என்று வாய்விட்டுக் கேட்க முடிகிற இடத்தில்தான் ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். விதிப் புத்தகத்தை வாசித்துக் காட்டாதீர்கள். எங்கள் நண்பர் ஒருவர், அட்டாக் செய்த கிரீச்சர் பக்கவாட்டில் திரும்பிக் கிடப்பதால் எதிராளியின் அட்டாக்கை அதால் தடுக்க முடியாது என்பதை மூன்று தடவை சொல்லியும் பிடித்துக்கொள்ளவில்லை. நாலாவது தடவை அவர் லைஃப் ஆறு இறங்கியதும் சட்டென்று நிமிர்ந்து, "ஓ, அதனால்தான் நீ ஒன்றை வீட்டிலேயே நிறுத்தி வைத்தாயா!" என்றார். அதற்கப்புறம் அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கலைப்பதையும் அன்றே சொல்லிக்கொடுங்கள். கார்டுகளை ஏழு குவியலாகப் பிரித்து அடுக்குவது எண்ணிப் பார்க்க உதவும், அது கலைப்பது ஆகாது. 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கலைக்கும் முறையில் ஏறத்தாழ ஏழு முறை வேண்டும் என்று கணித அறிஞர்கள் பேயரும் டையகோனிஸும் 1992இல் காட்டினார்கள். 60 கார்டு டெக்குக்கு ஏழுக்குக் குறையாமல் கலைத்து, எதிராளியிடம் வெட்டக் கொடுங்கள். சந்தேகம் என்ற பேச்சே எழாது.

மோசமான கை வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது பல புதியவர்களுக்குத் தெரியாது. மேஜிக்கில் இதற்கு மல்லிகன் என்று பெயர். முதலில் கைக்கு வந்த ஏழு கார்டையும் டெக்கோடு கலைத்துவிட்டு மறுபடி ஏழு எடுத்து, ஒன்றை டெக்கின் அடியில் வைக்க வேண்டும். முதல் மல்லிகனுக்கு அந்த ஒன்றையும் வைக்க வேண்டாம் என்று எங்கள் லீக்கில் தளர்த்திவிட்டோம். லேண்ட் வராமல் உட்கார்ந்திருந்து தோற்பதைப் போல ஒருவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது வேறெதுவும் இல்லை.

படி 5: நாற்காலியை வைத்தே அட்டவணை

ஆறு நாற்காலியை மூன்றுக்கு மூன்று எதிரெதிராகப் போடுங்கள். எதிரே இருப்பவரோடு முதல் சுற்று. சுற்று முடிந்ததும் மூலையில் இருக்கும் ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்க, மற்ற ஐந்து பேரும் அந்த ஒரு நாற்காலியைத் தாண்டி, கடிகார முள் போகும் திசையில் ஒரு இடம் நகர வேண்டும். ஐந்து சுற்றில் எல்லோரும் எல்லோரையும் சந்தித்திருப்பார்கள், ஒரு ஜோடிகூட இரண்டாம் முறை வராது. ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால் ஒரு நாற்காலி காலியாகவே நகரட்டும். அதன் எதிரே வருபவருக்கு அந்தச் சுற்று ஓய்வு. அசையாத இடத்தில் லீக்கை நடத்துபவரை உட்கார வையுங்கள், ஸ்கோர் தாளும் அவரோடு ஒரே இடத்தில் இருக்கும்.

ஒரு மோதலில் மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் வெற்றி என்று வைத்து ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் ஒதுக்குவது மேஜிக் போட்டிகளில் வழக்கம். நேரம் முடிந்ததும் இன்னும் ஐந்து டர்ன். மாலை ஒன்றில் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் இரண்டு சுற்று ஆடி, மீதியை அடுத்த வாரத்துக்கு வையுங்கள். அவசரமாக நாலு சுற்றை அடைத்தால் புதியவர்கள் திணறிப்போவார்கள்.

பன்னிரண்டு பேருக்கு மேல் ஆகிவிட்டால் ஸ்விஸ் முறைக்கு மாறுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள், யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள். தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் முதல் சுற்று முடிந்ததும் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

படி 6: புள்ளி

வழக்கமான கணக்கு வெற்றிக்கு 3, சமனுக்கு 1, தோல்விக்கு 0. நான் தோல்விக்கும் 1 கொடுக்கிறேன், மோதலை முழுசாக ஆடி முடித்திருந்தால். சமனுக்கு அப்போது 2. வராமல் போனவருக்கு 0. இதனால் வராதவரைவிட வந்து தோற்றவர் மேலே இருப்பார். புள்ளி சமமானால் அந்த இருவரும் நேருக்கு நேர் மோதியதில் ஜெயித்தவர் மேலே. அதுவும் முடிவு தரவில்லை என்றால் மொத்தம் ஜெயித்த ஆட்டங்களிலிருந்து தோற்ற ஆட்டங்களைக் கழித்துப் பாருங்கள். தேதி, இருவர் பெயர், 2–1 என்ற முடிவு, அவ்வளவுதான் எழுத வேண்டியது. எல்லோரும் பார்க்கும் ஒரே தாளில், ஆட்டம் முடிந்த உடனே எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஞாபகம் வரும்.

படி 7: தோற்றவர் கை ஓங்க ஒரு வழி

ரெடிமேட் டெக்கோடு தொடங்கும் லீக்கில் வாரா வாரம் டெக்கை மாற்ற விடுவோம். அன்று அதிகம் ஜெயித்தவர் ஒரு கார்டு மாற்றலாம், அதிகம் தோற்றவர் நாலு, நடுவில் இருப்பவர்கள் இரண்டு. எல்லாம் வேலிக்குள்ளேதான். இது எங்கள் மேசையில் பிறந்த விதி, உங்கள் கூட்டத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். தோற்றவர் வீட்டுக்குப் போகும்போதே "எந்த நாலை எடுக்கலாம்" என்று யோசித்துக்கொண்டு போவார். யோசித்ததை ஆடிப் பார்க்க அடுத்த வாரம் வந்தாக வேண்டும், இல்லையா?

படி 8: கார்டு மாற்றிக்கொள்வதும் பந்தயமும்

1993இல் மேஜிக் வந்தபோது அதன் விதிகளிலேயே ஆன்டி என்று ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு கார்டைப் பந்தயமாக எடுத்து வைத்து, ஜெயித்தவர் இரண்டையும் வைத்துக்கொள்வது. பிறகு அது கைவிடப்பட்டது. உங்கள் லீக்கிலும் அதை அனுமதிக்காதீர்கள். கார்டு மாற்றிக்கொள்வது வேறு, அது இந்த விளையாட்டின் உயிர். ஆனால் பழைய ஆளுக்கு விலை தெரியும், புதியவருக்குப் படம்தான் தெரியும். அதனால் இன்று பேசிய மாற்றல் அடுத்த வாரம்தான் கைமாறும் என்று ஒரு விதி வையுங்கள். நடுவில் ஒரு வாரம் இருந்தால் யாரும் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள்.

படி 9: சீசனை முடிப்பது

ஆறு முதல் எட்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். நடுவில் ஒருவர் விலகினால், அவர் பாதிக்கும் குறைவான மோதல்தான் ஆடியிருக்கிறார் என்றால் அவருடைய முடிவுகளை எல்லாம் நீக்கிவிடலாம். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் மீதி மோதல்களை எதிராளிகளுக்கு 2–0 என்று எழுதலாம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

பரிசுக்கு எல்லோரும் சமமாகப் பணம் போட்டு, தலைக்கு ஒன்று வீதம் பூஸ்டர் பாக்கெட் (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத, ஒட்டிய பாக்கெட்) வாங்குகிறோம். கடைசி நாள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்து மேசையில் விரித்துவிடுவோம். முதலிடம் பிடித்தவர் முதலில் ஒரு கார்டை எடுப்பார், அப்புறம் இரண்டாமவர், இப்படிக் கடைசி ஆள் வரை வந்து, அங்கிருந்து திரும்ப மேலே போகும். கடைசி ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு கார்டு கிடைக்கும். யாரும் வெறுங்கையோடு போவதில்லை.

எல்லோரும் டெக்கைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சீசனின் முதல் தேதியைக் கேட்டு, ஸ்கோர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.