இரவில் நாய் ஏன் எழும்புகிறது: கவனித்து அறியும் முறை

வளவுக்குள் வளரும் நாய் இரவில் நாலைந்து தரம் எழும்பி நடமாடுகிறது என்பதற்காக அதற்கு நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. மனிதரைப் போல ஏழெட்டு மணித்தியாலம் ஒரே மூச்சாக உறங்கும் இயல்பு நாய்க்குக் கிடையாது. வளர்ந்த நாயொன்று ஒரு நாளில் 12 முதல் 14 மணித்தியாலமும், குட்டியாயின் 18 மணித்தியாலத்துக்கு மேலும் உறங்கும்; ஆனால் அந்த உறக்கம் பகலும் இரவுமாகச் சிறு துண்டுகளாகவே அமையும். ஒழுங்கையில் சைக்கிள் ஒன்று போனாலும், வேலிக்குள் கீரி புகுந்தாலும் காதை நிமிர்த்தி, படலையடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து படுப்பது அதன் காவற் குணம். எழும்பிய நாய் அடுத்து எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் எழும்பிய காரணம் பிடிபடும்.

ஆகவே முதல் வேலையாக ஒரு கொப்பியை எடுத்து, ஐந்தாறு இரவுகளுக்கு நாய் எழும்பும் நேரத்தையும், போகும் இடத்தையும், செய்யும் செயலையும் குறித்து வையுங்கள். மின்விளக்கைப் போட்டாலோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ அது உங்களைத் தேடி வந்துவிடும் என்பதால், யன்னலுக்குள்ளால் சத்தமின்றிப் பார்ப்பதே நல்லது.

யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் முதலில் ஐயுற வேண்டியது வெக்கையை. நாய்க்குப் பாதங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கும். எங்கள் வீட்டு நாய் ஒரு வைகாசியில் நாங்கள் விறாந்தையில் மடித்துப் போட்ட சாக்கை விட்டு, ஒரு மணியளவில் கிணற்றடி வாழைப்பாத்திக்குப் போய், ஈரமண்ணை முன்னங்கால்களால் கிளறிக் குழியாக்கி, அதற்குள் வயிற்றை அழுத்திப் படுக்கத் தொடங்கியது. வாழைக்குட்டியைப் பிரட்டுகிறது என்று இரண்டு கிழமை அதட்டிய பிறகுதான், அது குளிர்ச்சியைத் தேடிப் போகிறது என்பது எனக்கு விளங்கியது. சாக்கை எடுத்துவிட்டு, மாலையில் சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளித்து, பக்கத்திலே ஒரு சட்டி தண்ணீரும் வைத்த அன்றைக்கே வாழைப்பாத்தி தப்பியது. மாரிகாலத்தில் நிலைமை நேர்மாறு: ஈரத்தரையில் படுக்கும் கிழட்டு நாய்க்கு மூட்டு வலி கூடுமாதலால், நிலத்திலிருந்து சற்று உயர்த்திய பலகையில் தடித்த துணி விரித்துக் கொடுக்க வேண்டும்.

எழும்பிய நாய் எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே சொறிந்தும், பாதத்தைக் கடித்தும், மீண்டும் மீண்டும் இடம் மாற்றியும் படுக்குமானால், உண்ணியையோ தெள்ளையோ தேடுங்கள். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது பலரும் விடும் பிழை. காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டியின் அடி, கால்விரல்களின் இடுக்கு ஆகியவற்றை ரோச் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், நாய்க்கு மட்டும் மருந்து வைத்துப் பயனில்லை. படுக்குமிடத்துச் சுவர் வெடிப்புகளைப் பூசி, விரிப்பைக் கொதிநீரில் அலச வேண்டும். உண்ணி இருந்த நாய் சோர்ந்து, முரசு (பல் ஈறு) வெளிறி, சாப்பாட்டை வெறுத்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அப்போது நாளைக் கடத்தக்கூடாது.

உறக்கத்திலேயே கால்கள் துடிப்பதும், மெல்ல முனகுவதும், இமைக்குள் கண் உருள்வதும் கனவு காணும் கட்டத்தில் வருபவை; அவை சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அந்நேரம் கையால் தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம் என்பதால், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டும் தெளியாமல், கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ளி, சிறுநீரும் கழிந்தால் அது வலிப்பு.

தண்ணீர்ச் சட்டிக்கும் முற்றத்துக்குமாகப் பலதரம் நடக்கும் நாய்க்குச் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். படுத்தவுடன் இருமி எழும்பும் நாயின் இதயத்தைச் சோதிக்க வேண்டும். அது அயர்ந்து உறங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி, 30க்கு மேல் தொடர்ந்து வந்தால் மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். வயது போன நாய் இரவில் இலக்கின்றி நடந்து, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்தபடி நிற்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளமாக இருக்கலாம். வலியில் துடிக்கிறதே என்று இரக்கப்பட்டு வீட்டிலுள்ள பனடோலைக் கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும்.

சாப்பாட்டு நேரத்தையும் சற்று மாற்றிப் பார்க்கலாம். வீட்டார் எல்லோரும் உண்டு முடித்துப் பத்து மணிக்கு மிச்சச் சோற்றைச் சொதியோடு பிசைந்து வைத்தால், நடுச்சாமத்தில் அதற்கு வெளியே போக வேண்டி வரும். சொதியிலுள்ள வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. ஆறு, ஏழு மணிக்கே சாப்பாடு வைத்து, படுக்குமுன் ஒருதரம் வெளியே விட்டுக் கூட்டிவருவது போதும். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும் இரவுகளில் கட்டிப்போடாமல், வீட்டுக்குள் ஓர் அறையில் விடுங்கள்.

வயிறு ஊதி, ஓங்காளித்தும் ஒன்றும் வெளிவராமல் நாய் அந்தரப்பட்டு நடந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரைப்பை முறுகியிருந்தால் சில மணித்தியாலங்களிலேயே உயிர் போய்விடும். மற்றவற்றுக்கு, குறித்து வைத்த கொப்பியோடு, இரவில் நாய் செய்வதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டு போங்கள், ஏனெனில் வைத்தியரின் மேசையில் ஏற்றியதும் அது ஒன்றுமே நடவாததுபோல அசையாமல் நிற்கும்.