மருத்துவ ஜெர்மன்: பெண்பால் நோய்ப் பெயருக்கு முன் பெயரடை விகுதி போடுவது எப்படி?

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குத் தயாராகிறவர்கள் மூன்று பாலுக்குமான அட்டவணையை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். வேண்டாம். பெண்பாலை மட்டும் முதலில் எடுங்கள். நோய்ப் பெயர்களில் ஏராளமானவை அதில்தான் வருகின்றன. (விகுதி கண்ணில் படட்டும் என்று ஜெர்மன் சொற்களை எழுத்துப்படி தருகிறேன். பேச்சில் கடைசி 'எர்' கிட்டத்தட்ட 'அ' என்றே ஒலிக்கும்.)

படி 1: பாலைக் கண்டுபிடியுங்கள்

நோய்ப் பெயர் உங், சியோன், ஈட்டிஸ், ஓசெ, ஈ என்று முடிந்தால் அநேகமாகப் பெண்பால்: எண்ட்சுண்டுங் (அழற்சி), இன்ஃபெக்ட்சியோன் (தொற்று), அப்பெண்டிட்சீட்டிஸ் (குடல்வால் அழற்சி), ட்ரொம்போசெ (ரத்தக் குழாயில் ரத்த உறைவு), ப்னொய்மொனீ (நிமோனியா). ஒருமையில் இந்தச் சொற்கள் எந்த வேற்றுமையிலும் மாறாது. மாறுவதெல்லாம் முன்னால் நிற்பவைதான்.

படி 2: ஆர்ட்டிகிள் (பெயருக்கு முன் வரும் டீ, ஐனெ போன்ற சொல்) இருந்தால்

நாமினேட்டிவ் (எழுவாய் வேற்றுமை), அக்யூசட்டிவ் ('ஐ' வேற்றுமை) இரண்டிலும் பெயரடைக்கு 'எ': டீ அகூட்டெ (தீவிரமான) இன்ஃபெக்ட்சியோன், ஐனெ அகூட்டெ இன்ஃபெக்ட்சியோன். டேட்டிவ் ('கு' வேற்றுமை), ஜெனிட்டிவ் ('உடைய' வேற்றுமை) வந்தால் ஆர்ட்டிகிள் டெர் அல்லது ஐனெர் ஆகும், பெயரடைக்கு 'என்': மிட் ஐனெர் அகூட்டென் இன்ஃபெக்ட்சியோன்.

படி 3: ஆர்ட்டிகிள் இல்லாவிட்டால்

இங்கேதான் நிதானம் வேண்டும். டாக்டர் எழுதும் குறிப்புகளில் ஆர்ட்டிகிளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். டேட்டிவ் என்று காட்டும் 'எர்' எங்காவது தெரிந்தாக வேண்டுமே! அதைப் பெயரடை ஏற்றுக்கொள்கிறது: பை அகூட்டெர் இன்ஃபெக்ட்சியோன். இரண்டு பெயரடை வந்தால் இரண்டுக்கும் அதே விகுதி. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ள நோயாளியைப் பற்றி, பை பெகான்டெர் ஆர்டெரியெல்லெர் ஹூபெர்டொனீ என்று எழுதுவார்கள்.

ஆனால் குறிப்பில் வருவதெல்லாம் டேட்டிவ் அல்ல. பை (இருக்கையில்), மிட் (உடன்), நாக் (பிறகு) மூன்றும் டேட்டிவ் கேட்கும். சந்தேகத்தைச் சொல்லும் 'ஃபெர்டாக்ட் அவுஃப்' அக்யூசட்டிவ் கேட்கும். அதனால் குடல்வால் அழற்சி என்று சந்தேகித்தால், ஃபெர்டாக்ட் அவுஃப் அகூட்டெ அப்பெண்டிட்சீட்டிஸ். பழக்கதோஷத்தில் 'அகூட்டெர்' என்று எழுதிவிடாதீர்கள்.

படி 4: விகுதி வேண்டாத சொல்

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயின் ஜெர்மன் பெயர் க்ரோனிஷ் ஒப்ஸ்ட்ருக்டிவெ லுங்கென்எர்க்ராங்குங். இதில் 'க்ரோனிஷ்' மொட்டையாக நிற்கிறது, காரணம் அது நோயை அல்ல, அடுத்த பெயரடையை விவரிக்கிறது. டேட்டிவிலும் அது மாறாது: பை க்ரோனிஷ் ஒப்ஸ்ட்ருக்டிவெர் லுங்கென்எர்க்ராங்குங். நோயையே நேராக விவரித்தால் விகுதி வந்துவிடும்: க்ரோனிஷெ ப்ரொன்ஹீட்டிஸ்.

சரி, இப்போது நீங்கள். 'ஷ்வேரெ ப்னொய்மொனீ', அதாவது கடுமையான நிமோனியா. முன்னால் 'நாக்' போட்டு ஒருமுறை, 'நாக் ஐனெர்' போட்டு ஒருமுறை எழுதுங்கள். முதலாவது ஷ்வேரெர், இரண்டாவது ஷ்வேரென்.