நைட்ரஸ் வண்டிக்கு பிளக் கேப்பும் டைமிங்கும் வைப்பது எப்படி?

கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் பக்கம் பழக்கமான தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் என்ஜின் சக்தியைக் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு பாட்டிலை எங்கே மாட்டுவது, எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதுதான். பிளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அதனால் என் பழைய எஸ்டீம் காரின் பிஸ்டன் ஒன்று இன்று மேசையில் பேப்பர் வெயிட்டாகக் கிடக்கிறது.

காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம். நைட்ரஸ் ஆக்சைடில் 36. கூடுதல் ஆக்சிஜனும் கூடுதல் பெட்ரோலும் சேர்ந்தால் எரிப்பு வேகமாகும், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் அடி விழும். அதனால் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, தாமதிக்க வேண்டும். அழுத்தம் கூடும்போது பொறி பிளக்கின் இரு கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டத் திணறும், அதனால் அந்த இடைவெளியான கேப்பையும் குறைக்க வேண்டும்.

முதலில் பிளக். என்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். ஒரு படி 'கோல்டு' பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் பிளக், போதும். என்.ஜி.கே.யில் 6 இருந்தால் 7. பாஷில் எண் தலைகீழ், ஏமாந்துவிடாதீர்கள். இடைவெளி 0.7 முதல் 0.9 மி.மீ.க்குள் இருக்கட்டும். நான் 0.8-இல் தொடங்குவேன். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்த்து, "பிளேடு போனாப் போதும் கண்ணு" என்பார். பிளேடு கிட்டத்தட்ட 0.65 மி.மீ. பழைய வண்டிக்குச் சரி, இங்கே இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வாங்கிவிடுங்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும். வளைப்பது வெளிக்கம்பியை மட்டும். நடுக்கம்பியில் நெம்பினால் பீங்கான் விரிசல் விடும்.

அப்புறம் டைமிங். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள வண்டிக்குத்தான் இது. டைமிங்கை ஈ.சி.யூ. என்ற கணினி பார்த்துக்கொள்ளும் வண்டி என்றால் ட்யூனரிடம் போங்கள். பாட்டில் வால்வை மூடி, என்ஜினைச் சூடாக்கி, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிடுங்கள். புல்லி குறியில் சாக்பீஸ் தடவி, டைமிங் லைட்டை ஒன்றாம் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள். லைட்டில் டிகிரி திருகு இருக்க வேண்டும், புல்லியில் அவ்வளவு கோடு இருக்காது. 3,000 ஆர்.பி.எம். தாண்டி, குறி நகராமல் நிற்கும் இடத்தில் படியுங்கள். நைட்ரஸ் கூட்டும் ஒவ்வொரு 50 குதிரைக்கும் டைமிங்கில் 2 டிகிரி குறைப்பது, அதாவது தாமதிப்பது, பட்டறைக் கணக்கு. 32 இருந்தால் 30. உள்ளிருக்கும் ரோட்டர் சுற்றும் திசையிலேயே டிஸ்ட்ரிப்யூட்டரைத் துளி திருப்பினால் குறையும். போல்ட்டை இறுக்கியதும் மறுபடி பாருங்கள், இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும். நைட்ரஸ் அடிக்காத நேரத்தில் வண்டி சற்று மந்தமாக இருக்கும், பரவாயில்லை.

சோதனை டிராக்கில் மட்டும். சித்திரை வெயிலில் பாட்டிலைக் காருக்குள் போட்டுவைக்காதீர்கள். அழுத்தம் 900 முதல் 1,000 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கட்டும். முழு ஆக்ஸிலேட்டரில் ஓடி, அங்கேயே என்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். வெளிக்கம்பியில் சூடு பட்ட நிறக்கோடு வளைவுக்கு அருகில் இருந்தால் டைமிங் சரி. அடிப்பக்கம் இறங்கியிருந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள், பிஸ்டன் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. என் பிளக்கிலும் அவை இருந்தன. கார்பன் என்று நினைத்து, துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினேன்.