டெல்ஃபை ஆய்வு: முதல் கேள்வித்தாளை அனுப்பும் முன் முடிவு செய்ய வேண்டியவை

மருத்துவத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து மருந்தாய்வு நடத்தி விடை காண இயலாது. அத்தகைய இடங்களில் அனுபவமிக்கவர்களின் கருத்தைச் சுற்றுச் சுற்றாகக் கேட்டு, அவர்கள் எதில் உடன்படுகிறார்கள் என்று அளப்பதே டெல்ஃபை முறை. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இராணுவக் கணிப்புகளுக்காக உருவான இம்முறையை, நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் 1963இல் கட்டுரையாக வெளியிட்டனர். நிபுணர்களை ஓர் அறையில் உட்கார வைத்தால் மூத்தவரின் குரலே முடிவாகிவிடும்; அதனால்தான் இதில் யார் என்ன சொன்னார் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

முதல் படி, கேள்வியைக் குறுக்குவது. 'வலி நிவாரண சிகிச்சையை மேம்படுத்துவது எப்படி?' என்பது ஆய்வுக் கேள்வியாகாது. 'மார்ஃபின் மாத்திரையுடன் வீடு திரும்பும் புற்றுநோயாளியின் குடும்பத்தாருக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டியவை எவை?' என்பது ஆகும். இதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு தொடர்வோம்.

அடுத்தது குழு. இக்கேள்விக்கு வலி நிவாரண மருத்துவர்கள் மட்டும் போதமாட்டார்கள். வீட்டுக்குச் சென்று பார்க்கும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், நோயாளியை உடனிருந்து பார்த்துக்கொண்ட உறவினர்கள் ஆகியோரும் வேண்டும். யாரை நிபுணர் என்று கொள்கிறீர்கள் என்பதற்கான தகுதியை (இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன பணி என்று) பெயர்களைத் திரட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். இல்லையெனில் உங்கள் துறைத்தலைவரின் நண்பர்களே குழுவாகிவிடுவார்கள். பங்கேற்பவர்கள் மருத்துவர்களே ஆயினும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் அவரவர் ஒப்புதலையும் பெறுவது முறை.

மூன்றாவது, குழுவினர் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இட வேண்டிய கூற்றுகளை எழுதுவது. இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் சறுக்குகின்றன. 'மலச்சிக்கலைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, மார்ஃபினின் பக்க விளைவுகளைக் குடும்பத்தாருக்கு விளக்க வேண்டும்' என்ற கூற்றைப் பாருங்கள். மருந்து கொடுப்பதை முழுமையாக ஏற்கும் ஒருவர், விளக்குவது தனி அமர்வில் நடக்க வேண்டும் என்று கருதினால், எத்தனை மதிப்பெண் இடுவார்? அவர் 5 இட்டுவிட்டுப் போவார். அந்த 5 எதற்கு உரியது என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. ஒரு கூற்றில் ஒரு செய்தி மட்டுமே இருக்கட்டும். 'போதிய', 'உரிய நேரத்தில்' போன்ற சொற்களையும் நீக்குங்கள். அவற்றை யாரும் மறுக்கமாட்டார்கள் என்பதே அவற்றின் குறை. குழுவில் இல்லாத இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து முன்னோட்டம் பார்ப்பது நல்லது.

மதிப்பெண்ணுக்கு 1 முதல் 9 வரையிலான அளவுகோல் பரவலாகப் புழங்குகிறது: 1–3 தேவையில்லை, 4–6 தேவைதான், ஆனால் இன்றியமையாததன்று, 7–9 இன்றியமையாதது. 'எனக்குத் தெரியாது' என்ற தெரிவையும் வையுங்கள்.

இனி, கருத்தொருமிப்பு என்றால் என்ன? பலரும் பயன்படுத்தும் ஒரு வரையறை, 70 சதவீதமோ அதற்கு மேலோ 7–9 இட்டு, 15 சதவீதத்துக்கும் குறைவானோர் 1–3 இட்டிருக்க வேண்டும் என்பது. 20 பேரில் 14 பேர் 7–9 இட்டால் 70 சதவீதம் கிடைத்துவிட்டது. ஆனால் 3 பேர் 1–3 இட்டிருந்தால் அது சரியாக 15 சதவீதம், குறைவன்று, ஆகவே அக்கூற்று தேறாது. இன்னொரு கண்ணி, வகுக்கும் எண்ணில் இருக்கிறது. இரண்டாம் சுற்றில் 16 பேர் மட்டுமே பதிலளித்து, அவர்களில் 12 பேர் உயர் மதிப்பெண் இட்டால், 16ஆல் வகுக்கும்போது 75 சதவீதம். அழைக்கப்பட்ட 20ஆல் வகுத்தால் 60. எந்த எண்ணால் வகுப்பது என்பதை விடைகளைப் பார்த்த பிறகு முடிவு செய்பவர், தமக்குப் பிடித்த கூற்றைக் காப்பாற்றுகிறார் என்றே நான் கொள்வேன். எல்லைக்கோட்டையும் வகுக்கும் எண்ணையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஆய்வுத் திட்டத்தில் எழுதித் தேதியிட்டு வைத்த பிறகே முதல் மின்னஞ்சல் போக வேண்டும்.

சுற்றுகளை நடத்துவது ஒப்பீட்டளவில் எளிது. முதல் சுற்றில் விடுபட்டவற்றைச் சேர்க்க ஓர் திறந்த கேள்வி வையுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவருக்கும் அவர் முன்பு இட்ட மதிப்பெண்ணையும் குழுவின் மதிப்பெண் பரவலையும், பெயரில்லாமல் பிறர் கூறிய காரணங்களையும் சேர்த்து அனுப்புங்கள். காரணம் இல்லாமல் எண்ணை மட்டும் காட்டினால், மனம் மாறாமலேயே பெரும்பான்மையோடு சேர்ந்துகொள்வோர் உண்டு. எல்லா முகவரிகளையும் ஒரே பெறுநர் கட்டத்தில் இட்டு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். காத்த இரகசியம் அந்த ஒரு நொடியில் போய்விடும்.

எழுதும்போது 2024இல் வெளியான அக்கார்ட் என்ற அறிக்கையிடல் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் பதிலளித்தனர், எந்தக் கூற்றை எப்போது ஏன் திருத்தினீர்கள் என்பவற்றுடன், தேறாத கூற்றுகளையும் அவற்றின் மதிப்பெண்களோடு அட்டவணையில் அப்படியே கொடுங்கள்.