காவல் சீருடையிலிருந்து மேயர் நாற்காலிக்கு: சொந்த ஊரில் போட்டியிட நினைக்கும் காவல் அதிகாரிக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் காவல் பணியிலிருந்து மேயர் பதவிக்கு வந்தவர்கள் பலர் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் டாம் பிராட்லி, ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க் ரிஸ்ஸோ, ஹூஸ்டனில் லீ பிரவுன், நியூயார்க்கில் எரிக் ஆடம்ஸ், டாம்பாவில் ஜேன் காஸ்டர் ஆகியோர் அவர்களுள் அறியப்பட்ட பெயர்கள். தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மாமன்ற உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவிலோ பெரும்பாலான நகரங்களில் வாக்காளர்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுப்பதால், இருபது முப்பது ஆண்டுகள் ஒரே ஊரின் தெருக்களில் பணியாற்றிய அதிகாரிக்கு இயல்பாகவே ஓர் அறிமுகம் கிடைத்துவிடுகிறது. அந்த அறிமுகம் வேட்புமனு வரையில் கொண்டுசேர்க்கும் என்பதில் ஐயமில்லை. அதற்குப் பின்னர் வேண்டியவை வேறு. அவற்றில் பெரும்பாலானவை காவல் பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தரப்படாதவை.

சாசனத்தை முதலில் படியுங்கள்

பிரசாரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே உங்கள் நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தை முழுமையாகப் படித்துவிட வேண்டும். மேயர் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு பதவிகள் வழக்கில் உள்ளன. டெக்சாஸ் மாநிலத்திலேயே இதைக் காணலாம். ஹூஸ்டனில் மேயரே நிர்வாகத் தலைவர். துறைத் தலைவர்களையும் தலைமைக் காவல் அதிகாரியையும் அவரே தேர்வு செய்கிறார். டல்லஸிலோ நகர மன்றம் நியமிக்கும் நகர மேலாளர்தான் அன்றாட நிர்வாகத்தை நடத்துகிறார்; காவல்துறைத் தலைவரை நியமிப்பவரும் அவரே; மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், அவருக்கும் ஒரு வாக்குத்தான். 1913ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஒஹாயோவின் டேட்டன் நகரம் இந்த மேலாளர் முறையை ஏற்ற முதல் பெரிய நகரமாயிற்று. பின்னர் அது நாடெங்கும் பரவியது. உங்கள் ஊர் எந்த முறையில் இயங்குகிறது என்று தெரியாமல், 'நான் வந்தால் காவல்துறையைச் சீர்படுத்துவேன்' என்று மேடையில் வாக்குறுதி தருவது பிற்பாடு பெரிய தலைவலியில் முடியும்.

அதிகாரம் உள்ள மேயருக்கும் எல்லை உண்டு என்பதற்கு டாம் பிராட்லியின் அனுபவத்தைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் பணியாற்றியவர் அவர். 1973 முதல் 1993 வரை தொடர்ந்து மேயராக இருந்தவர். 1991இல் ரோட்னி கிங் என்பவரைக் காவலர்கள் தாக்கும் காணொளி வெளிவந்ததும், காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ் பதவி விலக வேண்டும் என்று பிராட்லி வெளிப்படையாகக் கேட்டார். கேட்ஸ் மறுத்துவிட்டார். அவரைப் பதவியிலிருந்து அகற்ற மேயருக்கு அதிகாரம் இல்லை. அரசுப் பணியாளர் பாதுகாப்பு விதிகள் அந்தப் பதவியைக் காத்தன. 1992 ஜூனில் வாக்காளர்கள் ஏற்ற சாசனத் திருத்தத்தின் மூலமே தலைவரின் பதவிக்காலம் ஐந்தைந்து ஆண்டுகளாக இரண்டு முறைக்கு மிகாமல் வரையறுக்கப்பட்டது. அந்தத் துறையின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவரே மேயர் நாற்காலியில் இருந்துகொண்டு, அதன் தலைவரை ஒரு கையெழுத்தால் மாற்ற முடியாமல் நின்றார். நியமனம், நீக்கம், மன்றத்தின் முடிவை மேயர் தடுக்கும் மறுப்பாணை, வரவுசெலவுத் திட்டம் ஆகிய நான்கையும் பற்றிச் சாசனம் சொல்லும் பிரிவுகளை மட்டுமாவது தனியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பணியிலிருந்து விலகும் முறை

பணியில் இருந்துகொண்டே போட்டியிடலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் மாறுபடும். கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) ஹேட்ச் சட்டம் 2012இல் திருத்தப்பட்ட பின், சம்பளம் முழுவதும் கூட்டரசு நிதியிலிருந்தே பெறும் மாநில, உள்ளாட்சிப் பணியாளர்களை மட்டுமே கட்சி சார்ந்த தேர்தலில் நிற்கவிடாமல் அது தடுக்கிறது. ஆகவே சாதாரண நகரக் காவலருக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆனால் பதவியின் செல்வாக்கைத் தேர்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அப்படியே நீடிக்கிறது. இதற்கு மேல் நகரத்தின் சொந்தப் பணி விதிகள் இருக்கும். ஆகையால் நகர வழக்கறிஞர் அலுவலகத்திடமும் தேர்தல் அலுவலரிடமும் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெறுங்கள். நடைவழியில் ஒருவர் சொன்ன உறுதிமொழி, எதிர்வேட்பாளர் புகார் கொடுக்கும் நாளில் உதவாது.

சீருடை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கலிஃபோர்னியாவில் சீருடையில் இருக்கும் உள்ளாட்சிப் பணியாளர் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடுவதைச் சட்டமே தடைசெய்கிறது. வேறு பல ஊர்களில் துறையின் விதிகள் அதே வேலையைச் செய்கின்றன. பழைய புகைப்படத்தைத் துண்டறிக்கையில் அச்சிடுவதற்குமுன் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், சீருடைப் படம் ஒன்று போதும். அதற்கு மேல் போனால், ஊரை ஆளப்போகிறவர் இன்னும் ரோந்து வாகனத்திலிருந்து இறங்கவில்லை என்ற எண்ணத்தையே அது உண்டாக்குகிறது.

உங்கள் பணிப் பதிவேட்டை மற்றவர்கள் படிப்பதற்கு முன் நீங்கள் படியுங்கள். நியூயார்க் மாநிலம் 2020 ஜூனில் காவலர்களின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை மூடிவைத்திருந்த 50-ஏ பிரிவை நீக்கியது. கலிஃபோர்னியாவில் 2019 முதல் சிலவகைக் கோப்புகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. துப்பாக்கி பயன்படுத்திய நிகழ்வுகள், பொதுமக்களின் புகார்கள், நகரம் இழப்பீடு கொடுத்து முடித்த வழக்குகள் ஆகிய அனைத்தும் வெளியே வரும் என்று கொண்டே தொடங்க வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகள்

சீருடையைக் கழற்றிய மறுமாதமே மேயர் தேர்தலில் நிற்க முயல்பவர்கள் உண்டு. ரிஸ்ஸோ அப்படித்தான்: ஃபிலடெல்ஃபியா காவல் ஆணையராக இருந்தவர் 1971இல் விலகி, அதே ஆண்டில் வென்று, 1972 தொடக்கத்தில் மேயரானார். ஆனால் நிலைத்து நின்ற பலரின் பாதை அவ்வளவு நேர்கோடானதன்று. பிராட்லி காவல் பணியில் இருந்தபோதே இரவுக் கல்லூரியில் சட்டம் படித்து 1956இல் வழக்கறிஞர் தகுதி பெற்றார். 1963இல் நகர மன்றத்துக்குத் தேர்வானார். 1969இல் மேயர் தேர்தலில் தோற்று, 1973இல் வென்றார். ஆடம்ஸ் 2006இல் காவல்துறையில் கேப்டனாக ஓய்வுபெற்று, மாநில மேலவை உறுப்பினராகவும் பின்னர் புரூக்ளின் பகுதித் தலைவராகவும் இருந்துவிட்டு, 2022இல்தான் மேயரானார். பிரவுன் ஹூஸ்டன், நியூயார்க் ஆகிய இரு நகரங்களின் காவல்துறைகளுக்குத் தலைமை வகித்து, அதிபர் கிளின்டனின் போதைப்பொருள் தடுப்புப் பொறுப்பிலும் இருந்த பின் 1998இல் ஹூஸ்டன் மேயராகப் பொறுப்பேற்றார். டாம்பாவிலேயே பிறந்த காஸ்டர், அந்நகரக் காவல்துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி அதன் முதல் பெண் தலைவராக உயர்ந்து, 2015இல் ஓய்வுபெற்றுச் சுமார் நான்கு ஆண்டுகள் கழித்தே மேயரானார்.

இந்த இடைவெளியில் கற்க வேண்டியது நகரத்தின் மற்ற வேலைகளை. திட்டக் குழு, நில வகைப்பாட்டு மேல்முறையீட்டுக் குழு, நூலகக் குழு, பூங்காக் குழு போன்ற நியமனக் குழுக்களில் ஓரிடம் காலியானால் விண்ணப்பியுங்கள். ஊதியம் இராது, கூட்டங்கள் நீளும், வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து வீட்டு வேலியைப் பற்றிய சண்டையோடு வருவார்கள். அங்கேதான் பழக்கம் மாறுகிறது. காவல் நிலையத்தில் பணிமுறை தொடங்கும்போது மேலதிகாரி சொல்வது கட்டளை. அதை யாரும் விவாதிப்பதில்லை. ஏழு பேர் கொண்ட நகர மன்றத்திலோ நான்கு வாக்குகள் சேராதவரை உங்கள் கருத்து வெறும் கருத்துத்தான். அந்த நான்கைச் சேர்க்கும் முறைக்கும் சட்டம் உண்டு. ஃப்ளோரிடாவின் வெளிப்படை ஆட்சிச் சட்டப்படி, ஒரே மன்றத்தின் இரண்டு உறுப்பினர்கள்கூட, மன்றத்தின் முன் வரக்கூடிய விஷயத்தைத் தனியே கூடிப் பேசுதல் ஆகாது. ஆகவே மேயரும் மன்ற உறுப்பினராகவே இருக்கும் ஊர்களில், காபிக் கடையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் காவல் நிலையப் பழக்கம் நேரே சட்டமீறலில் கொண்டுபோய்விடும்.

பிரசாரம்

காவலராக இருந்தவர் பாதுகாப்புப் பற்றிப் பேசினால் மக்கள் கேட்பார்கள். ஆனால் அதையே பேசிக்கொண்டிருந்தால் வேறெதுவும் தெரியாதவர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். வீடு வீடாகச் செல்லும்போது கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் குப்பை அள்ளும் நாள், மழைநீர் தேங்கும் முனை, தண்ணீர்க் கட்டணம், வீட்டு வரி ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். தண்ணீர்க் கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்பவரிடம், அது பொது நிதியில் சேராமல் தனிக் கணக்கில் நடப்பது என்பதையும், பழைய குழாய்களை மாற்றக் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தால் அதன் தவணையும் அதில் அடங்கும் என்பதையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளின் வரவுசெலவுத் திட்டங்களைப் படித்திருந்தால் இது கடினமில்லை. படிக்காதவர் முதல் விவாத மேடையிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

காவல் பின்னணி தானாகவே கேடயமாகிவிடாது. 1969 தேர்தலில் பிராட்லி வென்றால் காவலர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்று அப்போதைய மேயர் சாம் யோர்ட்டி பிரசாரம் செய்தார். இரண்டு பத்தாண்டுகள் காவலராக இருந்தவருக்கு எதிராகவே அது எடுபட்டது. எதிர்த் திசையிலிருந்தும் தாக்குதல் வரும். காஸ்டர் தலைமையில் டாம்பா காவல்துறை மிதிவண்டி ஓட்டிகளுக்கு விதித்த அபராதங்கள் கறுப்பினத்தவர்மேல் அளவுக்கு மிஞ்சிய விகிதத்தில் விழுந்திருப்பதாக 2016இல் கூட்டரசு நீதித் துறையின் ஆய்வு கண்டது; 2019 தேர்தலிலும் அந்தக் கேள்வி அவரைத் தொடர்ந்தது. இத்தகைய கேள்விக்கு முன்கூட்டியே, புள்ளிவிவரத்தோடு, எவரையும் பழிக்காமல் ஒரு பதிலைத் தயார்செய்து, பிரசாரம் முழுவதும் அதையே சொல்ல வேண்டும். இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்லப்படும் பதிலைத்தான் செய்தியாளர்கள் தேடுவார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். முதல் டாலரை வாங்குவதற்குமுன் பிரசாரக் குழுவைப் பதிவு செய்து, தனி வங்கிக் கணக்கு தொடங்கி, கணக்கு தெரிந்த ஒருவரைப் பொருளாளராக்குங்கள். நெருங்கிய நண்பர் என்ற தகுதி மட்டும் போதாது. 2024 செப்டம்பரில் ஆடம்ஸ்மேல் கூட்டரசு வழக்குத் தொடரப்பட்டது. வெளிநாட்டு நன்கொடைகளும் அதன் குற்றச்சாட்டுகளுள் அடங்கும். அவர் மறுத்தார், நீதித் துறையின் வேண்டுகோளின்பேரில் 2025 ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியானது. இருந்தும் நன்கொடைகளுக்கு ஈடாக நகரத்தின் பொது நிதியிலிருந்து வரவேண்டிய தொகையைத் தேர்தல் நிதி வாரியம் அவருக்கு மறுத்தது. அந்த ஆண்டுச் செப்டம்பரில் அவர் மறுதேர்தலிலிருந்து விலகினார்.

பொறுப்பேற்ற பின்

பல நகரங்களில் பொது நிதியின் மிகப் பெரிய செலவு காவல்துறையே. எனவே முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே உங்கள் பழைய துறைக்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டிய செலவினம் ஏதேனும் வந்துவிடும். அது பெரும்பாலும் மேலதிக நேர ஊதியத்தில் வரும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் மேலதிக நேரத்தால் ஈடுகட்டும் துறையின் கணக்கில், சம்பளத் தலைப்பில் மீதம் காட்டிய தொகை இன்னொரு தலைப்பில் அதைவிடக் கூடுதலாகக் கரைந்திருக்கும். பணிமுறைப் பட்டியலை எழுதிப் பழகிய உங்களுக்கு அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியும். மற்ற மேயர்களுக்கு இல்லாத சாதகம் இது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். இதைப் பயன்படுத்தத் தயங்கினால் பழைய பணி எதற்கும் உதவவில்லை என்றாகிவிடும்.

காவல்துறைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் மேயருக்கு அதிகாரம் இருந்தால், பழைய சகாக்களுக்கு வெளியேயும் தேடுங்கள். முன்பு தம்மோடு அதே துறையில் பணியாற்றிய ஒருவரைக் காஸ்டர் 2022இல் தலைவராக நியமித்தார். மன்றத்திலும் வெளியிலும் அந்த நியமனம் விவாதத்துக்குள்ளானது. அதே ஆண்டு நவம்பரில், அந்தத் தலைவரும் அவருடைய கணவரும் சென்ற கோல்ஃப் வண்டியைப் பக்கத்து மாவட்டக் காவலர் ஒருவர் நிறுத்தியபோது, தலைவர் தம் அடையாள வில்லையைக் காட்டி விட்டுவிடும்படி கேட்டது அந்தக் காவலரின் உடற்கேமராவில் பதிவானது. டிசம்பரில் காஸ்டர் அவரைப் பதவி விலகச் செய்தார். சில வாரங்களுக்குள் முடிவெடுத்தது அவருக்கு உதவியது. ரிஸ்ஸோ தம் துறையை இறுதிவரை விட்டுக்கொடுக்காமல் காத்தார். 1979இல் காவல் வன்முறையைக் காரணம் காட்டிக் கூட்டரசு நீதித் துறை அந்நகரத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், ஒரு முழுக் காவல்துறையின்மேல் கூட்டரசு தொடுத்த முதல் வழக்கு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

காவலர் சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் பேசும் மேசையில் இப்போது நீங்கள் எதிர்ப்பக்கம். பழைய சகாக்கள் தனிப்பட்ட முறையில் அழைத்துப் பேசுவார்கள். பேச்சுவார்த்தைக் குழுவைத் தவிர்த்து அவர்களுக்கு எந்த வாக்குறுதியும் தரக் கூடாது. உங்கள் ஓய்வூதியமும் அதே நிதியிலிருந்து வருவதாயின், அந்த நிதியைத் தொடும் தீர்மானங்களில் நீங்கள் கையெழுத்திடலாமா, விலகி நிற்க வேண்டுமா என்று நகர வழக்கறிஞரிடமோ மாநில நெறிமுறை ஆணையத்திடமோ எழுத்து மூலம் கருத்துக் கேட்டு, பதவியேற்ற முதல் மாதத்திலேயே அந்தக் கடிதத்தை நகர எழுத்தர் அலுவலகத்தில் பதிவுசெய்துவிடுங்கள்.