பனிப்புயலும் கொல்லைக் கோழிகளும்: கூட்டுக்கு வேண்டியது சூடல்ல, உலர்ச்சி

மைனஸ் 20 டிகிரி என்று வானிலை அறிக்கையில் கண்டதும் பலர் செய்கிற முதல் வேலை, கூட்டின் இண்டு இடுக்கையெல்லாம் அடைத்து உள்ளே 250 வாட் சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிடுவது. இரண்டும் தவறு. கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகு முழுக்க முளைத்த கோழி, உலர்ந்த இடத்தில் காற்று படாமல் சிலிர்த்து உட்கார்ந்துவிட்டால் கடுங்குளிரையும் தாங்கும். தாங்க முடியாதது ஈரம். ஆறு கோழிகள் ஒரு நாளில் போடும் எச்சத்தில் மட்டும் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, மூச்சில் வருவது தனி. அடைத்துவைத்த கூட்டில் அது போக்கிடம் இல்லாமல் கூரையிலும் கொண்டையிலும் படிந்து உறைகிறது. கொண்டை நுனி கறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விளக்கின் ஆபத்து வேறு. மரச்சீவலும் தூசியும் நிறைந்த மரக்கூட்டில், ஒரு கோழி சிறகடித்து விளக்கில் மோதினாலே தீ பிடிக்கலாம். பிடிக்காவிட்டாலும், புயலில் மின்சாரம் போனால் சூட்டுக்குப் பழகிய கோழிகள் திடீரென்று கடுங்குளிரில் மாட்டிக்கொள்ளும். நோஞ்சான் கோழிக்காகச் சூடு கட்டாயம் வேண்டுமென்றால், சுவரில் திருகிப் பொருத்தும் தட்டையான ஹீட்டர் பலகை வாங்குங்கள். கரி அடுப்பு, புரோப்பேன் ஹீட்டர் எதையும் கூட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மனிதரைவிடப் பறவைகளை விரைவில் கொல்லும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் கனடாவின் தெற்கு ஒன்ராறியோ, அமெரிக்காவின் பஃபலோ போன்ற ஏரிக்கரைப் பகுதிகளில் ஆறேழு கோழி வைத்திருப்பவர்களுக்கானது.

புயலுக்கு இரண்டு நாள் முன்

காற்றுத் திறப்புகளிலிருந்து தொடங்குங்கள். கட்டையில் அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, இறவாரத்துக்கு அடியில் அவை இருக்க வேண்டும். கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்பது பொதுவான கணக்கு. புயல் இரவில் அத்தனையும் திறந்திருக்கத் தேவையில்லை. அங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கும். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்தே வையுங்கள். மாவு போன்ற தூள்பனி அரை அங்குலக் கம்பிவலை வழியாகத் தாராளமாக நுழையும், பிறகு உருகித் தரையில் பரப்பிய கூளத்தை நனைக்கும். திறப்பின் உட்புறத்தில் சரிவாக ஒரு பலகை அடித்தால் பனி அதில் மோதி நிற்கும். வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸுக்குப் போடும் மலிவான ஃபில்டரைத் திறப்பில் செருகினாலும் காற்று போகும், பனி நிற்கும். ஆனால் பனி அப்பி அதுவே அடைத்துக்கொள்ளும், அதனால் தினம் தட்டிவிட வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை. கட்டை உயரத்தில் ஒரு விரல் அகல டாய்லெட் பேப்பரை ஒட்டிவையுங்கள். அது படபடத்தால் கோழிமேல் காற்று நேராக அடிக்கிறது, எந்த இடுக்கு என்று தேடி அதை மட்டும் அடையுங்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பாருங்கள். நீர்த்துளியோ உறைபனியோ படிந்திருந்தால் மேல்திறப்பு போதவில்லை. அப்படியே குனிந்து கோழி நிற்கும் உயரத்தில் மூச்சை இழுங்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் கூளமும் மாற வேண்டும்.

கூளத்துக்குப் பைன் மரச்சீவல் நல்லது. சிடார் வேண்டாம், அதன் நெடி கோழியின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஆழ்கூள முறைப்படி 15 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, கட்டைக்கு அடியில் ஒரு எச்சப் பலகை வைத்துக் காலையில் அதை வழித்துவிட்டால் ஈரத்தில் பெரும்பங்கு வெளியே போய்விடும். உட்காரும் கட்டை இரண்டுக்கு நான்கு அங்குல மரமாக, அகலப் பக்கம் மேலே இருக்கும்படி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் விரல்கள் விரிந்து வயிற்று இறகுக்குள் மறையும். உருண்டைக் கம்பைப் பற்றிப் பிடிக்கும் விரல்கள் வெளியே தெரியும், குளிர் அங்கேதான் முதலில் பிடிக்கும். இரும்புக் குழாய் அதைவிட மோசம்.

அடுத்து, கோழி உலாவும் வலைப்பந்தல். மேலே பறவை வலை கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். இவ்வளவு பெரிய கண்ணில் பனி நிற்குமா என்று தோன்றும். ஈரப்பனி நூலில் ஒட்டி ஒன்றோடொன்று சேர்ந்து பாயாகி, தூண்களையும் சேர்த்து இழுத்துச் சாய்த்துவிடும். தகடோ தார்ப்பாயோ போட்டிருந்தால் எடையைக் கணக்குப் போடுங்கள். புதுப்பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. 2.4 மீட்டருக்கு 3 மீட்டர் கூரையில் 30 செ.மீ. பனி சேர்ந்தால் 216 கிலோ. ஈரப்பனியானால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. தட்டைத் தார்ப்பாய் இதைத் தாங்காது. நடுவே ஒரு மரத்தூண் முட்டுக்கொடுத்துச் சரிவாக்குங்கள். 15 செ.மீ. சேர்ந்ததும் நீளக்கழி வாரியால் வெளியே நின்று இழுத்துத் தள்ளுங்கள். அடியில் நின்றுகொண்டு மேலே குத்தக் கூடாது.

பந்தலில் காற்று வரும் மூன்று பக்கமும் தடிமனான பிளாஸ்டிக் தாள் அடித்து, மேலே 30 செ.மீ. திறப்பாக விட்டுவிடுங்கள். வைக்கோல் கட்டுகள் இருந்தால் வடமேற்கில் அடுக்குங்கள்.

கடைசியாக, கதவு. கூட்டுக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால், பனி குவிந்தபின் அதை அசைக்க முடியாது. பனி அள்ளும் சவல் கூட்டில் இருந்தால் பயனில்லை, வீட்டு வாசலுக்குள்ளே இருக்கட்டும். தானியங்கிச் சிறுகதவின் தண்டவாளத்தில் பனி உறைந்து கதவு பாதியில் நின்றுவிடும், அல்லது மோட்டார் எரிந்துவிடும். புயல் நாட்களில் அதை அணைத்துவிட்டுக் கையால் மூடுங்கள்.

கனடா வானிலைத் துறை பிளிசார்ட் (கடும் பனிப்புயல்) எச்சரிக்கை விடுவது, மணிக்கு 40 கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட காற்றோடு 400 மீட்டருக்கு மேல் பார்க்க முடியாத நிலை 4 மணி நேரமாவது நீடிக்கும்போது. உண்மையான வெண்புயலில் கொல்லைப்புறத்துக் கூடே கண்ணுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து கூடுவரை இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். பிரெய்ரி எனும் வட அமெரிக்கப் புல்வெளிப் பகுதிப் பண்ணையாட்கள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே கட்டிக்கொண்டதுதான் இது.

தண்ணீரும் தீவனமும்

தண்ணீர்தான் பெரும் தலைவலி. குளிரில் ஒரு கோழி கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அது கிடைக்காவிட்டால் தீவனமும் எடுக்காது, தீவனம் எடுக்காத கோழியால் உடற்சூட்டைக் காப்பாற்ற முடியாது. பனியைக் கொத்தித் தின்னும் என்று விட்டுவிடாதீர்கள், வயிற்றில் அதை உருக்குவதற்கும் அந்தச் சூடுதான் செலவாகும்.

மின்சாரம் இருக்கும்வரை, தண்ணீர்ப் பாத்திரத்தின் கீழே வைக்கும் சூடேறும் அடித்தட்டு வேலையை முடித்துவிடும். போனபின் கைகொடுப்பது கறுப்பு ரப்பர் கிண்ணம். உறைந்ததும் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும், பிளாஸ்டிக் என்றால் உடைந்துபோகும். இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டு காலை, நண்பகல், அந்திக்கு முன் என மூன்று வேளை வெதுவெதுப்பான தண்ணீரை மாற்றுங்கள். அகலக் கிண்ணத்தில் சேவல்கள் தாடியை நனைத்துக்கொள்ளும், நனைந்த தாடி உறையும். கிண்ணத்தின் மேல் மூக்கு மட்டும் நுழையும்படி ஒரு கட்டமிட்ட கம்பியைப் போட்டால் அது நிற்கும். இரவில் கூட்டுக்குள் தண்ணீர் வேண்டாம். இருட்டியபின் கோழி குடிக்காது, ஈரம்தான் மிச்சம்.

முட்டைக்கோழித் தீவனம் சாதாரணமாக நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் என்றால், கடுங்குளிரில் 150 கிராம் வரை போகும். 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் பஃபலோவில் நாட்கணக்கில் வண்டி ஓட்டவே தடை இருந்தது. ஆகவே ஒரு வாரத்துக்கான இருப்பு எப்போதும் கையில் இருக்கட்டும். ஆறு கோழிக்கு ஏழு கிலோ தாராளம். அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உடைத்த மக்காச்சோளம் கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள். இரவெல்லாம் செரிக்கும்போது உடம்பு சூடேறும். அதற்கு மேல் கொடுத்தால் கொழுப்புதான் கூடும், முட்டை கூடாது. கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தரை மூடிக்கிடப்பதால், தீவனத்தை அரைக்கக் கோழி விழுங்கும் பொடிக்கல்லும் தனியே தேவை. குழைத்த தீவனம் கொடுப்பதானால் இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

புயல் அடிக்கும்போது

கோழிகளை வெளியே விடாதீர்கள், வீட்டுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். வீட்டுச் சூட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு மைனஸ் 20க்குத் திரும்புவது அவற்றுக்குப் பெரும் அதிர்ச்சி. இறகு உதிர்த்துக்கொண்டிருப்பவை, நோயாளி, முழு இறகு வராத குஞ்சு, தண்ணீர் ஒட்டும் இறகுள்ள சில்கி இனக் கோழி, இவை மட்டும் விலக்கு. அவற்றைச் சூடேற்றாத கராஜில் வைக்கலாம், அங்கே வண்டியை இயக்காமல் இருந்தால்.

அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். ஒரு முழு முட்டைக்கோஸை எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு தொட்டியில் உலர்மண், மணல், ஆறிய விறகுச்சாம்பல் கலந்து வைத்தால் புழுதிக் குளியலும் ஆகும், பேனும் குறையும். அந்தியில் தலைகளை எண்ணும்போது கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். அது காலியாக இருக்கும் கோழியைத்தான் கவனிக்க வேண்டும், வலுத்த கோழிகள் அதைத் தீவனத்திடம் அண்டவிடாமல் துரத்தியிருக்கும்.

கொண்டை வெளுத்து, மெழுகுபோல் கடினமாக இருந்தால் உறைபனிக் காயம். தேய்க்காதீர்கள், முடி உலர்த்தியும் வேண்டாம். பனியடிக்காத இடத்துக்கு மாற்றி மெதுவாகத் தானே இளக விடுங்கள். கால் விரல் என்றால் 38 முதல் 40 டிகிரி தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, ஒற்றித் துடையுங்கள். மறுபடி உறையும் இடத்துக்கு அன்றே அனுப்பினால் காயம் இரட்டிப்பாகும். பின்னால் கறுத்த நுனியை வெட்டாதீர்கள், உள்ளிருக்கும் நல்ல சதையை அது காத்துநின்று தானே உதிரும். கொண்டையில் வாசலின் களிம்பு பூசுவதைப் பலர் சொல்கிறார்கள். காற்றோட்டம் சரியில்லாத கூட்டில் அது காப்பாற்றாது. ரோஜாக் கொண்டையுள்ள வயண்டாட், கியூபெக்கின் ஓகா மடத்தில் குளிருக்கென்றே உருவாக்கிய சாந்தக்ளேர் போன்ற இனங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பெரிய ஒற்றைக் கொண்டை லெக்ஹார்னுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஓய்ந்தபின்

பனிக்குவியல் வேலியோடு சேர்ந்து சரிவாக ஏறியிருக்கிறதா பாருங்கள். ரக்கூனும் கொயோட்டியும் அதில் ஏறி வேலியைத் தாண்டிவிடும், அங்கே முதலில் வழியுங்கள். திறப்புகளையும் ஃபில்டரையும் பனி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பாதையில் உப்போ பனி உருக்கும் பொடியோ தூவாதீர்கள், கோழி கொத்தினால் நஞ்சாகும். மணலோ சாம்பலோ போதும். கோழிகள் வெள்ளைத் தரையில் கால்வைக்கத் தயங்கும், ஒரு பிடி வைக்கோலைப் பரப்பினால் வந்துவிடும். தீவனத்தை வெளியே கொட்டாதீர்கள். பசித்த காட்டுப் பறவைகள் இறங்கும், அவற்றோடு பறவைக் காய்ச்சலும் வரலாம். முட்டை ஓரிரு வாரம் குறையும். உறைந்து வெடித்த முட்டையைச் சமைக்காமல் தள்ளிவிடுங்கள்.