அமெரிக்கப் பழைய உயில்களில் ஒரு மனிதரைத் தேடுவது எப்படி

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு மனைக்கு மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்த்துப் பழகியவர்களுக்கு, 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியா உயில் பாதி உடனே பிடிபடும். செக்குபந்தி (நான்கு எல்லை) உண்டு, பாகம் உண்டு, ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்து’ என்ற நிபந்தனையும் உண்டு. மீதிப் பாதியில்தான் நெஞ்சு அடைக்கும். மாடு, கட்டில், கலப்பை வரும் அதே பட்டியலில் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களின் பெயர்கள், எதிரே விலை. அந்தப் பெயர்களைப் பின்தொடர்வதே இங்கே வேலை.

உயிலை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இறந்த பிறகு மதிப்பீட்டாளர்கள் எழுதிய சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை, கடன் தீர்த்த கணக்கு எல்லாம் சேர்ந்தால்தான் நடந்தது தெரியும். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பல கவுன்டிகளின் (நம் மாவட்டம்போல) பதிவேடுகளைப் படமாகப் பார்க்கலாம். பெயரைத் தட்டித் தேடிக் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாமல், கவுன்டியையும் ஆண்டையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

தேதியில் பலரும் சறுக்குவார்கள். 1752க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25ல்தான் பிறந்தது. அதனால் 1740 நவம்பரில் எழுதிய உயில் 1740 பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு வந்ததாகத் தெரியும். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1741. விலைக்கு, 1 பவுண்டு என்பது 20 ஷில்லிங், அதாவது 240 பென்ஸ். நிலத்துக்கு, 1 ஏக்கர் நம் ஊர்க் கணக்கில் 18 கிரவுண்டுக்குச் சற்று மேல். எல்லை சொல்லும் ‘போல்’ என்ற நீள அளவு 16½ அடி.

அடுத்து, தாயைப் பிடியுங்கள். வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலை. அதனால்தான் உயில்களில் ‘அவளும் அவள் இனிப் பெறும் பிள்ளைகளும்’ என்று பிறக்காத குழந்தையையும் சேர்த்து எழுதினார்கள். 1705ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைப்படுத்தப்பட்டவர்களை வாரிசுரிமைக்கு நிலம்போல அசையாச் சொத்தாக்கியது. அது மாறியது 1792ல்தான். எந்த ஆண்டு உயிலோ, அந்த ஆண்டுச் சட்டத்தை வைத்தே படிக்க வேண்டும்.

கணவன் சொத்தில் விதவைக்கு வரும் மூன்றில் ஒரு பங்குதான் மிகச் சிக்கலான இடம். வர்ஜீனியாப் பண்ணை முதலாளி டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757ல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி மார்த்தாவுக்கு அந்தப் பங்கில் ஆயுள் அனுபவம் மட்டும். பிறகு அவரை மணந்த ஜார்ஜ் வாஷிங்டனால் அந்தப் பங்கில் வந்தவர்களை விற்கவும் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது. 1799ல் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த 317 பேரில் 123 பேர் அவர் கணக்கு, அதாவது அவருக்கே சொந்தம்; 153 பேர் கஸ்டிஸ் கணக்கு, 41 பேர் வாடகைக்கு அமர்த்தியவர்கள். உயில்படி விடுதலை அந்த 123 பேருக்குத்தான்; ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு அது 1801 ஜனவரி 1ல் நடந்தது. 153 பேரும் 1802ல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்குப் பாகமானார்கள். அப்பா வாஷிங்டன் கணக்கு, அம்மா கஸ்டிஸ் கணக்கு என்றால் பிள்ளைகள் கஸ்டிஸ் கணக்கு. அப்பாவுக்கு விடுதலை, பிள்ளைகளுக்கு இல்லை. எந்த உயிலைப் படித்தாலும் ஒவ்வொரு பெயரும் எந்தக் கணக்கு என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

உயிலில் எழுதியது அப்படியே நடந்தது என்றும் நம்பிவிடாதீர்கள். கடன் இருந்தால் முதலில் ஏலம். முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் 1826ல் இறந்தார்; கடனுக்காக 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள்.

நோட்டில் ஒருவருக்கு ஒரு வரி: பெயர், தாய், வயது, வேலை, விலை, யாருக்குப் போனார். ஒரே பெயரில் இருவர் இருந்தால் தாயின் பெயரும் வயதுமே பிரித்துக் காட்டும். விலை பூஜ்யம் என்று இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். முதியவர்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் அப்படித்தான் எழுதினார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணையில் உரிமையாளர் பெயரின்கீழ் பெரும்பாலும் வயது, பாலினம், நிறம் மட்டுமே இருக்கும். ஆகவே இந்தப் பட்டியல்தான் பலருடைய பெயருக்கு மிஞ்சிய ஒரே எழுத்து.

பெயர் திடீரென்று மறைந்தால் ஏலக் கணக்கைப் பாருங்கள், பிறகு ஆட்களை வாடகைக்கு விட்ட கணக்கு. அங்கும் இல்லையென்றால் வீட்டு மகளின் கல்யாணத் தேதியைத் தேடுங்கள்; மகளுக்குக் கொடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அவள் கணவன் பெயரில் உள்ள பட்டியலில்தான் மறுபடி வருவார்கள்.